படத்தில் முன்னால் நிற்பவர்

விழாத் தலைவர் அவர்களே, ஆயிரம் வேலைகளுக்கு நடுவே வந்திருக்கும் நகர்மன்றத் தலைவர் அம்மா அவர்களே, என் மதிப்புக்குரிய தலைமையாசிரியர் ஐயா அவர்களே, பந்தல் போட்டு இத்தனை பேரைத் திரட்டிய வாசகர் வட்டத் தம்பிகளே, தாய்மார்களே, வணக்கம். நகர்மன்றத் தலைவர் அம்மா கடைசிவரை இருந்து கேட்பதாகச் சொன்னார்கள். அதற்குத் தனியாக என் நன்றி.

இன்று மூன்று விஷயங்கள் பேச நினைத்தேன்: ஒரு படம், அதில் உள்ள போர், அந்தப் போரில் தப்பிய சிப்பாய்களின் பிற்கால வாழ்க்கை.

படம் 1855-இல் லண்டனில் வெளியான கல்லச்சு ஓவியம். வரைந்தவர் வில்லியம் சிம்சன். 1854 அக்டோபர் 25, ரஷ்யாவோடு பிரிட்டன் போரிட்ட, கருங்கடல் ஓரத்துக் கிரிமியாவின் பாலக்லாவா. எதிரே ரஷ்யப் பீரங்கிகள், இரண்டு பக்க மேடுகளிலும் ரஷ்யப் படை. நடுப் பள்ளத்தாக்கில் பிரிட்டிஷ் குதிரைப்படை பாய்கிறது. எல்லோருக்கும் முன்னால், தனியாக, தளபதி கார்டிகன் பிரபு.

நம் பெரியவர்கள் சொல்வார்கள்: கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய். சரி, விசாரிப்போமா?

அன்று சிம்சன் அங்கே இல்லை. நவம்பரில்தான் போய்ச் சேர்ந்தார். பார்த்தவர்களிடம் கேட்டுக் கேட்டு வரைந்து, கார்டிகனிடம் கொண்டுபோய்க் காட்டினார். பிரபு வெறித்துப் பார்த்தார், சரியில்லை என்றார். சிம்சன் திருத்திக்கொண்டு போனார், அப்போதும் பிரபுவின் முகம் மலரவில்லை. என்னதான் குறை? மூன்றாவது முறை பிரபுவுக்கு ஒரே மகிழ்ச்சி, பாராட்டு! என்ன மாறியது தெரியுமா? சிம்சனே பின்னாளில் எழுதிவைத்தார்: படைக்கு முன்னால் பிரபு எடுப்பாகத் தெரியும்படி இந்த முறை கூடுதல் கவனம் எடுத்தேன், அவ்வளவுதான் என்று.

கார்டிகன் கோழை அல்ல. உண்மையிலேயே முன்னால்தான் போனார், பீரங்கி வரை போய் உயிரோடு திரும்பினார். ஆனால் ஏறக்குறைய 670 பேர் போனார்கள். சுமார் 110 பேர் மாண்டார்கள். அவர்கள் முகம் படத்தில் எங்கே?

அப்புறம் அந்தப் போர். மேட்டில் நின்ற பிரிட்டிஷ் தலைமைத் தளபதி ராக்லன் பிரபு, பீரங்கிகளை எதிரி இழுத்துக்கொண்டு போகாமல் தடுக்கச் சொல்லிச் சீட்டு அனுப்பினார். அவர் கண்ணில் பட்டவை மேட்டில் ரஷ்யரிடம் பறிபோன பிரிட்டிஷ் பீரங்கிகள். கீழே நின்ற குதிரைப்படைத் தலைவர் லூக்கன் பிரபுவுக்கு அவை தெரியவில்லை. எந்தப் பீரங்கி என்று கேட்டார். சீட்டைக் கொண்டுவந்த கேப்டன் நோலன் கையை வீசிக் காட்டினார். படை தவறான பீரங்கியை நோக்கிப் பாய்ந்தது. நோலன்தான் முதலில் விழுந்தவர்களில் ஒருவர்.

இதெல்லாம் இன்று நமக்கு எப்படித் தெரிகிறது? பென்சிலால் எழுதிய அந்தத் துண்டுச்சீட்டு இன்றும் லண்டன் தேசிய ராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. லூக்கன் அதைத் தூக்கி எறிந்திருந்தால், படம் சொல்வதுதான் வரலாறு என்று இருந்திருப்போம். தீர விசாரிக்கத் தாள் வேண்டும் ஐயா!

நம் நூலகத்தில் என்ன நடக்கிறது? பைண்டு செய்த பழைய பத்திரிகைகளைப் பூச்சி தின்கிறது. இடமில்லை, எடைக்குப் போட்டுவிடலாம் என்கிறார்கள். நம் ஊரில் யார் தேரை இழுத்தார்கள், யார் குளத்தை வெட்டினார்கள் என்று நாளை ஒரு பிள்ளை கேட்டால் எதைக் காட்டுவோம்? மாடியில் பூட்டிக் கிடக்கும் அறையை ஆவண அறையாக்குங்கள், அலமாரிக்கு நாங்கள் பணம் திரட்டித் தருகிறோம்.

சிப்பாய்களின் கதைக்கு நேரமில்லை, அடுத்த பேச்சாளர் காத்திருக்கிறார். நகர்மன்றத் தலைவர் அம்மாவிடம் மனுவை இப்போதே தருகிறேன். அதன் நகல் வாசல் மேஜையில் இருக்கிறது. போகும்போது எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். வணக்கம்.