வரைவு முதலில் யார் கைக்குப் போகிறது?

அவையிலிருக்கும் அதிகாரிகளுக்கும் சங்க நிர்வாகிகளுக்கும் வணக்கம்.

தொழிற்சங்கங்களைப் பற்றியல்ல, வணிகர் சங்கங்கள், மருத்துவர், பொறியாளர், கணக்காளர் போன்றோரின் தொழில்முறைச் சங்கங்கள் பற்றிப் பேசுகிறேன். இவர்களைக் கேட்காமல் அரசுத் துறை விதி எழுதினால், நடைமுறைக்கு ஒவ்வாத கெடுவை வைத்துவிட்டுப் பிறகு நீட்டித்துக்கொண்டே இருக்கும். ஆகவே பேசத்தான் வேண்டும்.

எங்கே கோணுகிறது? விதியின் வரைவு ஒரு சங்கத்துக்கு முதல் நாளே போய்விடுகிறது. மற்றவர்களுக்குக் கிடைக்கும்போது கருத்துச் சொல்ல ஒரு வாரம்தான் மிச்சம். யாரும் லஞ்சம் வாங்கவில்லை. அந்தச் சங்கத்தின் செயலாளர், நாம் அழைத்தால் உடனே தொலைபேசியை எடுக்கிறார், கேட்ட புள்ளிவிவரத்தை மறுநாளே அனுப்புகிறார். அதிகாரிக்கு அது வசதி. பெரும்பாலான சாய்வு இந்த வசதியிலிருந்துதான் முளைக்கிறது.

அமெரிக்காவின் வட கரோலினாவைப் பாருங்கள். பல் மருத்துவத்தை ஒழுங்குபடுத்தும் மாநில வாரியத்தில் எட்டுப் பேர். அதில் ஆறு பேர் தொழில் நடத்தும் பல் மருத்துவர்கள். அவர்களைத் தேர்ந்தெடுப்பதும் பல் மருத்துவர்களே. பொதுமக்கள் சார்பில் ஒரே ஒருவர். மருத்துவர் அல்லாதவர்கள் பல் வெளுக்கும் சேவையைத் தொடங்கியதும் புகார்கள் குவிந்தன. உடல்நலத் தீங்கைச் சொன்னவை சிலவே. பெரும்பாலானவற்றின் கவலை, அவர்கள் கட்டணம் குறைவாக வாங்குகிறார்களே என்பது! வாரியம் தன் அலுவல் கடிதத்தாளில் குறைந்தது 47 கடிதங்கள் அனுப்பி, சேவையை நிறுத்தச் சொன்னது. 2015-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 6-3 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது: அதே தொழிலில் போட்டியிடுபவர்கள் ஆளும் வாரியத்துக்கு, மாநில அரசின் முனைப்பான மேற்பார்வை இல்லையென்றால், வணிகப் போட்டியை முடக்குவதைத் தடுக்கும் சட்டத்திலிருந்து விலக்கு கிடையாது.

ஆலோசனைக் குழுக்களுக்கு அதே நாட்டில் 1972 முதல் தனிச் சட்டம் உண்டு: உறுப்பினர்களின் கருத்தில் சமநிலை, முன்னறிவிப்பு, பதிவான நடவடிக்கைக் குறிப்பு. சிலியில் 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதிகாரிகள் தம் சந்திப்புகளையும் பயணங்களையும் பரிசுகளையும் வெளியிட வேண்டும்.

சட்டம் இல்லாத துறையிலும் நாளையே செய்யக்கூடியவை உண்டு. வரைவு எல்லோருக்கும் ஒரே நாளில் போகட்டும். ‘நாங்கள் இத்துறையின் குரல்’ என்று வருபவரிடம், சந்தா கட்டும் உறுப்பினர் எத்தனை பேர், உரிமம் பெற்றவர்களில் அது எவ்வளவு பங்கு, சிறிய அளவில் தொழில் நடத்துவோர் எத்தனை என்று எழுத்தில் கேளுங்கள். பல சங்கங்களில் சந்தா விற்றுமுதலைப் பொறுத்தது. பெரியவர் கட்டுவது அதிகம், அவர் குரலும் அதிகம். சங்கம் தரும் புள்ளிவிவரத்தை உரிமப் பதிவேட்டோடு ஒப்பிடாமல் கோப்பில் சேர்க்காதீர்கள். மாநாட்டுக்கு அழைத்தால் போங்கள். பயணச் செலவைத் துறையே ஏற்கட்டும். பயிற்சி வகுப்பை ஒரு சங்கத்தோடு சேர்ந்து நடத்தினால், கேட்கும் மற்ற சங்கத்துக்கும் அதே நிபந்தனையில் தர வேண்டியிருக்கும்.

கூட்டக் குறிப்பைச் சங்கத்தார் எழுதித் தர முன்வருவார்கள். வேண்டாம். யார் வந்தார்கள், என்ன கேட்டார்கள், எதை ஏன் மறுத்தோம் என்று நம் எழுத்தரே எழுதட்டும். ‘அழைத்தும் வராதவர்’ என்றொரு பத்தியும் அதில் இருக்கட்டும்.