தட்டுவடைக் கடை வாசல்

நடுவர் அவர்களுக்கும், ஆடிப் பண்டிகை நெரிசலிலும் உட்கார இடம் பிடித்துவிட்ட சேலத்து மக்களுக்கும் வணக்கம். இணையத்தில் உறவு வளர்வது இன்றைய பெரும் தளங்களிலா, பழைய நாளைப் போன்ற சிறு குழுக்களிலா என்பது தலைப்பு. நான் சிறு குழு அணி.

எதிரணி ஐயா ஒரு போடு போட்டார். "முந்நூறு பேர் இருக்கிற இடம் இணையமா? அது தட்டுவடைக் கடை வாசல்!" என்றார். நீங்களும் கை தட்டினீர்கள். அதற்குப் பதில் சொல்லாமல் நான் மைக்கை விடமாட்டேன். முதலில் எங்கள் அத்தை கதை.

ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் அத்தைக்குக் கொஞ்சம் காப்பித் தோட்டம். நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி. போன மழைக்காலத்தில் ஒரு கொடி மஞ்சளாகி இலை உதிர்ந்தது. அப்புறம் பக்கத்துக் கொடி. படம் எடுத்து ஒரு பெரிய தளத்தில் போட்டேன். லைக் வந்து குவிந்தது. "அருமையான இயற்கைக் காட்சி" என்று ஒருவர் எழுதினார். ஐயா, அங்கே கொடி செத்துக்கொண்டிருக்கிறது!

அப்போதுதான் மாஸ்டடான் என்ற சமூக வலைத்தளத்தில் ஒரு சின்ன சர்வரில், அதாவது ஒரு சிறு குழுவில், சேர்ந்திருந்தேன். மாஸ்டடான் 2016-இல் வந்தது. ஒரே கம்பெனியின் கையில் இல்லை. ஆர்வமுள்ளவர்கள் ஆளுக்கொரு சர்வர் நடத்துகிறார்கள். ஒரு சர்வரில் இருப்பவர் இன்னொன்றில் இருப்பவரோடு பேசலாம். எழுதியது எழுதிய வரிசையில் வரும். நான் சேர்ந்த இடத்தில், எதற்காகச் சேருகிறீர்கள் என்று வாசலிலேயே கேட்கிறார்கள். பதிலை ஒரு மனிதர் படித்துப் பார்த்துத்தான் கதவு திறக்கிறார்.

அங்கே அதே படம் போட்டேன். இடுக்கியிலிருந்து ஒரு தமிழர், மிளகு விவசாயி, உடனே கேட்டார்: "அடித்தண்டு கறுத்திருக்கா?" கறுத்திருந்தது. "வேரடியில் தண்ணி நிக்குதா?" நின்றது. வாட்டல் நோய் என்றார். செத்த கொடியை வேரோடு எடுத்து எரித்துவிட்டு, தண்ணீர் வடிய வாய்க்கால் வெட்டி, மீதிக் கொடிகளுக்குப் போர்டோ கலவை என்ற பூஞ்சைக்கொல்லி மருந்து கொடுக்கச் சொன்னார்.

சரி, இந்தத் தகவல் எங்கேயும் கிடைக்கும் என்பீர்கள். ஒரு வாரம் கழித்து, நான் ஒன்றுமே எழுதாதபோது, அவராக வந்து கேட்டாரே: "அத்தையோட கொடி எப்படி இருக்கு?" கொடியை விசாரிக்கிறார், நடுவர் அவர்களே! அத்தையிடம் சொன்னேன். "யாரு கண்ணு அவரு? நம்ம கொடிய எதுக்கு விசாரிக்கிறாரு?" என்றார். இரண்டு நாளில் அத்தையே போன் செய்தார்: "மூணாவது கொடி துளிர் விட்டிருக்குன்னு அந்த இடுக்கித் தம்பிகிட்டச் சொல்லிடு." இப்போதெல்லாம் நான் சாப்பிட்டேனா என்றுகூட அத்தை கேட்பதில்லை. "இடுக்கித் தம்பி ஏதாச்சும் கேட்டாரா?" இதுதான் முதல் கேள்வி.

இப்போது தட்டுவடைக் கடைக்கு வருகிறேன். சேலத்தில் நின்றுகொண்டு அதை இளக்காரமாகப் பேசலாமா ஐயா? இரண்டு தட்டுவடை, நடுவில் துருவிய கேரட், பீட்ரூட், வெங்காயம், மேலும் கீழும் சட்னி. எங்கள் தெருக்கடை அக்கா என்ன வேண்டும் என்று கேட்பதே இல்லை. "பாப்பாவுக்குக் காரம் கம்மி" என்று அவரே எடுத்து வைப்பார். நாலு நாள் தலை காட்டவில்லை என்றால் "உடம்பு சரியில்லையா?" என்பார். எவனாவது வாய் நீண்டு பேசினால் அதட்டி அனுப்புவார். எங்கள் சர்வரை நடத்துகிறவர் செய்வதும் இதேதான். நல்ல பெயர் வைத்தீர்கள் ஐயா, நாங்களே வைத்துக்கொள்கிறோம்!

இனி அந்தப் பழைய நாளுக்கு வருகிறேன். 1995 ஆகஸ்ட் 15 அன்று அப்போதைய அரசு நிறுவனமான வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையம் கொடுத்தது. மோடம் கத்தி ஓயும்வரை காத்திருந்து உள்ளே போனவர்கள் கொஞ்சம் பேர்தான். அப்படிப்பட்ட கொஞ்சம் பேர்தான் 1998 பொங்கலன்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கி, நாடு நாடாக உட்கார்ந்து, காசு வாங்காமல் நம் இலக்கியங்களை இணையத்தில் எல்லோரும் படிக்கத் தட்டச்சு செய்தார்கள். பெரியதுதான் நிலைக்கும் என்றீர்களே, கூகுள் நடத்திய ஆர்குட் தளம் சின்னதா? 2014-இல் மூடிவிட்டார்களே!

என் அப்பா அம்மாபேட்டையில் தமிழாசிரியர். ஞாயிற்றுக்கிழமைகளில் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து ஒரு மின்னஞ்சல் குழுவுக்குக் கடிதம் எழுதுவார். தறிச் சத்தத்தில் தூங்கி வளர்ந்தது, சேர்வராயன் கோயிலுக்கு மலையேறியது எல்லாம் எழுதினார். அப்பா போய்விட்டார். அந்தக் குழுவும் மூடிப்போனது. ஒரு கடிதமும் எங்கள் கையில் இல்லை.

புதுச் சர்வரில் சேர்ந்தபோது என் ஊர் அம்மாபேட்டை என்று எழுதினேன். மலேசியாவிலிருந்து ஒரு பெரியம்மா கேட்டார்: "அம்மாபேட்டையில் ஒரு வாத்தியார் எழுதுவாரே, தெரியுமா?" என் அப்பாதான் என்றேன். அப்பாவின் கடிதங்களை அச்செடுத்து ஃபைல் போட்டு வைத்திருக்கிறார் அந்த அம்மா! பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்பினார். ஒன்றில் அப்பா எழுதியிருக்கிறார்: "சின்னவள் நேற்றுப் பள்ளி மேடையில் பேசினாள். கால் நடுங்கியது. ஆனாலும் நிறுத்தவில்லை."

அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். இன்னொரு தடவை படி என்றார். அப்புறம், "அந்த அம்மாவ ஆடிப் பண்டிகைக்கு நம்ம வீட்டுக்கு வரச்சொல்லி எழுது" என்றார். எழுதியிருக்கிறேன், நடுவர் அவர்களே. அடுத்த ஆடிக்கு வருவதாகப் பதிலும் வந்துவிட்டது. நன்றி, வணக்கம்.