‘முதலை’ என்றால் திரும்பிப் பார்ப்பேன்

(போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் வாசகர் வட்ட ஆண்டு விழாவில் பேசியது. பாதியில் மைக் நின்றுவிட்டது, பின்வரிசைக்கு ஒன்றும் கேட்கவில்லையாம். அதனால் எழுதிப் போடுகிறேன்.)

எல்லோருக்கும் வணக்கம். மேடையில் இருக்கும் ஊராட்சித் தலைவி அக்கா அவர்களே, எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்ததோடு அது எனக்கு வராது என்பதை ஊருக்கும் சொல்லிவைத்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, வருஷா வருஷம் பொன்னாடை தரும் ஜவுளிக்கடை அண்ணாச்சி அவர்களே (இந்தத் தடவை தேங்காய்ப்பூத் துண்டாகக் கொடுத்துவிட்டார், நல்லதுதான், ஆற்றுக்குக் குளிக்கப் போக உதவும், அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன்), நாற்காலி பற்றாமல் வாசலில் நிற்கிற தம்பிகளே, பீடித்தட்டை இறக்கி வைத்துவிட்டு வந்திருக்கும் மதினிமார்களே. யாரையாவது விட்டிருந்தால் கோபித்துக்கொள்ள வேண்டாம். போன வருஷம் விட்டுப்போன மாமா ஒருவர் இன்றுவரை டீக்கடையில் எனக்கு முகம் கொடுப்பதில்லை.

‘நான் யார்’ என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். சாமியார்கள் குகைக்குள் உட்கார்ந்து தன்னைத்தானே கேட்டுக்கொள்ளும் கேள்வி அது. நம்ம ஊரில் அதைப் படித்துறையில் அடுத்தவர் கேட்பார்: “ஏல, நீ யாரு மவன்? எந்த வளவு?” நாலு வயசிலேயே அதற்குப் பதில் சொல்லிப் பழகிவிடுகிறோம். இன்றைக்கு மூன்று விஷயம் பேசலாம் என்று வந்தேன். ஒன்று பெயர், இரண்டு பேச்சு, மூன்று செல்போன். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். எனக்குப் பிடித்த பழமொழி. எல்லோரும் அதை அலுத்துப்போய்ச் சொல்வார்கள், நான் சந்தோஷமாகச் சொல்கிறேன்.

ஆறாம் வகுப்பு படிக்கும்போது ஒரு நாள் காலை. தாமிரபரணி ஆற்றில் நல்ல தண்ணீர், படித்துறையில் நல்ல கூட்டம். ஆச்சிமார் மஞ்சள் பூசிக்கொண்டிருக்கிறார்கள், ஒரு தாத்தா இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கண்ணை மூடி ஏதோ மந்திரம் சொல்கிறார், நான் மேல்படியில் பல் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். மேற்கே இருந்து கறுப்பாக, நீளமாக ஒன்று மிதந்து வருகிறது. பாபநாசத்துக்கு மேலே காரையாறு அணையில் முதலை உண்டு என்று அதற்கு முந்தின வாரம்தான் எங்கள் சித்தப்பா சொல்லியிருந்தார். நான் யோசிக்கவே இல்லை, வாயில் பற்பொடியோடு “முதலை! முதலை!” என்று கத்தினேன். அப்புறம் என்ன நடந்தது என்று இங்கே உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்கே தெரியும். பாதி மஞ்சள் பூசிய முகங்கள் படியேறி ஓடின. துவைத்துக்கொண்டிருந்த சேலை ஒன்று தன் பாட்டுக்குச் சேரன்மாதேவிப் பக்கம் போனது. தாத்தா கரையேறிவிட்டார், அவர் வேட்டி ஏறவில்லை. மிதந்து வந்தது படிக்கு இரண்டு பாகம் தள்ளி, நிதானமாக ஒரு புரளு புரண்டது. வாழைத்தடை! அழுகிக் கறுத்த வாழைமரத் தண்டு.

அன்றிலிருந்து நான் முதலை. முதல் ஒரு மாசம் அழுதேன், இரண்டு பேரோடு கட்டிப்புரண்டேன். அப்புறம் என்ன ஆச்சு என்றால், முதலைக்குப் பயமே கிடையாது என்று எல்லோரும் நினைக்க ஆரம்பித்தார்கள், அதனால் ஆழத்துக்கு முதலில் குதிக்கிறவன் நானானேன். முதலை நல்லா கதைவிடுவான் என்றார்கள், விட்டேன். இந்த மேடையில் நிற்கிறதே அந்த வாழைத்தடை போட்ட பிச்சைதான்.

பாளையங்கோட்டையில் கல்லூரி விடுதியில் சேர்ந்தேன். அங்கே ஒருத்தனுக்கும் என்னை முதலை என்று தெரியாது. வாயைத் திறந்தால் “ஏல” வரும், வெளியூர்ப் பையன்கள் சிரிப்பார்கள், அதனால் திறக்கவில்லை. மூன்று மாசத்தில் “ரொம்ப அமைதியான பையன்” என்று பெயர் வந்துவிட்டது. வந்த பெயரைக் காப்பாற்ற வேண்டுமே, அமைதியாகவே இருந்தேன். தீபாவளி லீவுக்குப் பஸ்ஸைவிட்டு இறங்குகிறேன், பெட்டிக்கடையிலிருந்து ஒரு குரல்: “ஏல முதல, எப்ப வந்த?” மூன்று மாசமாக எங்கேயோ இருந்த என் தொண்டை அந்த நிமிஷமே திறந்துவிட்டது.

அமெரிக்காவில் வில்லியம் ஜேம்ஸ் என்ற உளவியலாளர் இதை 1890-லேயே எழுதிவைத்திருக்கிறார். ஒருவனை எத்தனை பேர் அறிந்து மனதில் வைத்திருக்கிறார்களோ அத்தனை ‘நான்’ அவனுக்கு உண்டு என்றார். 1902-ல் கூலி என்ற சமூகவியலாளர் (பெயரே அதுதான், நம்ம ஊர்க் கூலி இல்லை), அடுத்தவர் நம்மை எப்படிப் பார்க்கிறார் என்று நாம் நினைக்கிறோமோ அந்த நினைப்புதான் கண்ணாடி என்றார். கவனியுங்கள், அவர் பார்ப்பது அல்ல, அவர் பார்ப்பதாக நாம் நினைப்பது. சிகாகோவில் ஜார்ஜ் ஹெர்பர்ட் மீட் என்று ஒரு பேராசிரியர். 1931-ல் இறந்துபோனார், வகுப்பில் அவர் பேசியதை மாணவர்கள் எடுத்த குறிப்பை வைத்து 1934-ல் புத்தகமாக்கினார்கள். அவர் வகுப்பில் பின்வரிசைக்கும் கேட்டிருக்கிறது, பாருங்கள்! சின்னப்பிள்ளை முதலில் டீச்சராக, கடைக்காரராக ஒவ்வொரு ஆளாக நடித்து விளையாடும், அப்புறம் கூட்டு ஆட்டத்துக்கு வரும்போது எல்லோருடைய இடத்தையும் ஒரே நேரத்தில் மனதில் வைத்துக்கொள்ளக் கற்கும், அப்படித்தான் ‘நான்’ முழுசாகிறது என்றார். அவர் பேஸ்பாலைச் சொன்னார். நான் கிளித்தட்டு என்கிறேன். கிளி எங்கே ஓடுகிறான், எந்தக் கோட்டில் எவன் மறிக்கிறான், நமக்குப் பின்னால் வருகிறவன் எந்தக் கட்டத்தில் என்று தெரியாமல் கிளித்தட்டு ஆட முடியுமா?

ஊர் வாய் நல்லதையே சொல்லும் என்று நான் சொல்லவில்லை. இதே ஆற்றங்கரையில் சாதிக்கு ஒரு துறை இருந்தது. தன் பெயர் சொல்லிக் கூப்பிடுவாரில்லாமல், “ஏய்” என்றால் திரும்பியே வாழ்ந்து செத்துப்போனவர்கள் உண்டு. முதலை என்று கூப்பிட்டதற்கே ஒரு மாசம் அழுதவன் நான், எழுபது வருஷம் “ஏய்” கேட்டவருக்கு உள்ளே என்ன இருந்திருக்கும்? ஊர் வாயை மூட முடியாது, சரி, மாற்ற முடியும்.

அதற்குத்தான் படித்துறை வேண்டும் என்கிறேன். (தலைவி அக்கா சிரிக்கிறார், எப்படியும் இங்கேதான் வருவேன் என்று அவருக்குத் தெரியும்.) ஏழு படியில் நாலு பெயர்ந்து கிடக்கிறது. அமலைச்செடி (ஆகாயத்தாமரைதான்) கரைவரை ஏறிவிட்டது. பரிகாரம் என்று ஆற்றில் விட்ட துணி, மேலே இருந்து மிதந்து வந்து, செடியில் சிக்கி, சேற்றோடு சேர்ந்து காலைச் சுற்றுகிறது. பெண்கள் உடை மாற்ற ஒரு மறைவு கிடையாது. உரிய இடத்தில் மூன்று மனு கொடுத்தாயிற்று. வீட்டுக்கு வீடு குழாய் வந்ததும் ஆற்றுக்கு ஆள் வருவது குறைந்தது, அதை நான் குறை சொல்லவில்லை, பெண்கள் குடம் சுமந்தது போதும். ஆனால் இன்றைய ஆறாம் வகுப்புப் பையனை “நீ யாரு மவன்” என்று கேட்க யார் இருக்கிறார்கள்? செல்போனைப் பற்றியும் சொல்கிறேன் என்றேன், நேரமாகிவிட்டது, துண்டுச் சீட்டு வந்துவிட்டது.

வருகிற ஞாயிறு காலை 6 மணிக்குப் படித்துறைக்கு வாருங்கள். மண்வெட்டி, அரிவாள், பழைய சாக்கு இருந்தால் கொண்டுவாருங்கள். எல்லாத் தெருவும் ஒரே படியில்தான் இறங்கும், அதில் பேச்சே கிடையாது. சுக்குக்காபி ஜவுளிக்கடை அண்ணாச்சி செலவு, அவருக்கே இப்போதுதான் தெரியும். நாலாவது மனு வாசல் மேசையில் இருக்கிறது, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். பேனாவை நூல் கட்டி வைத்திருக்கிறேன், போன தடவை யாரோ கொண்டுபோய்விட்டீர்கள்.