ஏரிக்கரைப் பனையும் தூக்கணாங்குருவியும்

(சென்னைப் புறநகரில், ஏரிக்கரைக் குடியிருப்போர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, எத்தனையோ அலுவல்களுக்கு நடுவிலும் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் வட்டாட்சியர் அவர்களே, மண்டபம் தந்துதவிய தலைமையாசிரியை அம்மா அவர்களே, ஏரிக்காக ஓயாமல் அலையும் நலச்சங்கத் தலைவர், செயலாளர், பொருளாளர் அவர்களே, என்னை அன்போடு அறிமுகப்படுத்திய தமிழாசிரியர் ஐயா அவர்களே, தாய்மார்களே, இடமில்லாமல் நின்றுகொண்டே கேட்கும் மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம்.

தூக்கணாங்குருவியைப் பற்றி மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன். அது கூடு கட்டும் விதம், அதன் குடும்பம், அதன் இரை.

வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பார்கள். இந்தப் பறவைக்கு அது எழுத்துக்கு எழுத்து உண்மை. கூடு கட்டுவது ஆண். பருவம் வந்ததும் அதன் உச்சந்தலை மஞ்சளாகும், முகம் கருக்கும். நெல் தாளிலோ உயரமான புல்லிலோ உட்கார்ந்து, இலையின் ஓரத்தில் அலகால் ஒரு வெட்டுப் போடும். வெட்டிய இடத்தைக் கவ்விக்கொண்டு அப்படியே பறக்கும். பறக்கிற வேகத்தில் நார் நீளமாகக் கிழிந்து வரும். ஒவ்வொரு நாரும் 20 முதல் 60 சென்டிமீட்டர் வரை இருக்கும். பச்சை நாராகத்தான் எடுக்கும். காய்ந்த நார் மடித்தால் ஒடிந்துவிடும். ஒரு கூடு முடிய 500 தடவை வரை பறந்து நார் கொண்டுவர வேண்டும்.

முதலில் ஓலையின் நுனியில் நாரைக் காலால் மிதித்துப் பிடித்து, அலகால் சுற்றிச் சுற்றி முடிச்சுப் போடும். அடுத்து ஊஞ்சல் மாதிரி ஒரு வளையம். வளையத்துக்கு மேலும் பக்கவாட்டிலும் பின்னப் பின்ன, ஹெல்மெட்டைக் கவிழ்த்துத் தொங்கவிட்ட வடிவம் வரும். இதுவரைக்கும் எட்டு நாள் ஆகும். முழுக்கூடும் முடியப் பதினெட்டு நாள். ஹெல்மெட் நிலையில் உள்சுவரில் ஈரக் களிமண்ணை அப்பும். அந்தக் களிமண்ணில் மின்மினியை ஒட்டி விளக்கு வைக்கிறது என்று பாட்டிமார் சொல்வார்கள். அது கதைதான், மண் அப்புவது மட்டும் உண்மை.

இந்த நிலையில்தான் பெண் பறவைகள் வந்து கூட்டைச் சோதிக்கும். பிடித்தால் ஜோடி சேரும். அதன்பிறகே ஆண் முட்டை அறையை மூடி, கீழ்நோக்கித் தொங்கும் நுழைவுக் குழாயைப் பின்னும். பழைய வளையத்தின் அடிப்பகுதி அறைக்கும் குழாய்க்கும் நடுவே வரப்பாக நிற்கும். முட்டை உருண்டு விழாமல் காப்பது அந்த வரப்பு. பிடிக்காத கூடு ஹெல்மெட்டாகவே நின்றுவிடும். பனையடியில் அரைக்கூடுகள் விழுந்து கிடப்பதைப் பார்த்துக் காக்கையோ பாம்போ பிய்த்துப் போட்டது என்று எண்ணுகிறோம். அவற்றில் பல, பெண் பறவை பார்த்துவிட்டு வேண்டாம் என்று விட்டுப்போன கூடுகள்.

குடும்பத்துக்கு வருகிறேன். இதற்கு உங்களைக் கிஹிமுக்கு அழைத்துப் போக வேண்டும். 1930-ம் ஆண்டு. பெர்லினில் பறவையியல் பயின்றுவிட்டுப் பம்பாய் திரும்புகிறார் பறவை ஆய்வாளர் சாலிம் அலி. அருங்காட்சியகத்தில் அவர் பார்த்துவந்த வழிகாட்டி வேலை, நிதி இல்லை என்று நீக்கப்பட்டுவிட்டது. வெளிநாட்டுப் படிப்பு இருக்கிறது, வேலை இல்லை. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இந்த நிலை தெரியும்! மனைவி தெஹ்மினாவுடன் பம்பாய்க்கு அருகே கிஹிம் என்ற கடற்கரைச் சிற்றூருக்குப் போனார். அங்கே தூக்கணாங்குருவிகள் கூட்டம் கூட்டமாகக் கட்டிக்கொண்டிருந்தன. வேலை தேடி அலைந்திருக்கலாம், விதியை நொந்து படுத்திருக்கலாம். அவர் செய்தது என்ன? குருவிகளைப் பார்த்தார். எந்த ஆண் எந்தக் கூட்டைக் கட்டுகிறது, எந்தப் பெண் எதில் குடிபுகுகிறது என்று பொறுமையாகப் பின்தொடர்ந்தார். ஒரு பெண் குடியேறி முட்டையிட்டதும், அதே ஆண் அடுத்த கூட்டைத் தொடங்கி அடுத்த பெண்ணை அழைக்கிறது என்று கண்டறிந்தார். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் 1931-ல் அது வெளிவந்தது. நாற்காலி போனாலும் கண் இருந்தது அவரிடம். வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்!

பெண் இரண்டு முதல் நான்கு வெள்ளை முட்டைகள் இடும். 14 முதல் 17 நாள் தனியாகவே அடைகாக்கும். குஞ்சு பறக்க இன்னொரு 17 நாள். ஆக, முட்டையிட்டதிலிருந்து சுமார் ஐந்து வாரம். இந்தக் கணக்கைப் பனையேறும் தொழிலாளர்களும் ஏரி வேலை ஒப்பந்ததாரர்களும் மனத்தில் வைக்க வேண்டும். கூட்டில் நீண்ட குழாய் தொங்கி, பெண் உள்ளே போய்வந்தால் அந்த ஓலையைத் தொடாதீர்கள். ஒரே மரத்தில் ஒவ்வொரு கூடும் ஒவ்வொரு நாளில் முடியும். ஆகவே கடைசிக் கூடு காலியாகும்வரை பொறுக்க வேண்டும். அழகுக்காகக் கூட்டை அறுத்து விற்கிறார்களே, அது குற்றம். 1972-ம் ஆண்டு வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில், முட்டையையும் கூட்டையும் கலைப்பது 'வேட்டை' என்பதற்குள்ளேயே அடங்கும்.

இரை என்றால் புல் விதையும் நெல்லும். பூச்சியும் பிடிக்கும், குறிப்பாகக் குஞ்சுக்கு ஊட்ட. ஆனால் இரை இருந்து மரம் இல்லாவிட்டால் என்ன பயன்? அதைச் சொல்லத்தான் நான் முக்கியமாக வந்தேன்.

தூக்கணாங்குருவி பனையைத் தேடுவதற்குக் காரணம் இருக்கிறது. கிளையில்லாத உயரமான மரம், காற்றில் ஆடும் ஓலை நுனி, கீழே தண்ணீர். பாம்புக்கும் எலிக்கும் அங்கே போய்ச் சேருவது கடினம். ஈச்சமரத்திலும் கருவேலத்திலும் கட்டும்தான். ஆனால் நம் ஏரிக்கரைகளில் பெரிய பனைகள் செங்கல் சூளைக்கும் சாலை அகலப்படுத்தலுக்கும் போய்க்கொண்டே இருக்கின்றன. பனை நம் மாநில மரம். அதை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்று 2021-ல் வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே அறிவித்தார்கள். அறிவிப்பு இருக்கிறது, கரையில் எத்தனை மரம் என்ற கணக்கு இல்லை.

வட்டாட்சியர் அவர்களிடம் ஒரே வேண்டுகோள். தூர்வாரும் எந்திரம் இறங்குவதற்கு முன், கரையிலுள்ள ஒவ்வொரு பனைக்கும் எண் எழுதிப் பதிவேட்டில் ஏற்றுங்கள். மாணவர்கள் துணைக்கு வருவார்கள்.

நட விரும்புவோருக்கு: பனங்கொட்டையை நேரடியாக மண்ணில் புதையுங்கள். முளை முதலில் கீழ்நோக்கி ஆழமாக இறங்கும், பிடுங்கி நட்டால் பட்டுப்போகும். வடகிழக்குப் பருவமழைக்கு முன், கரையின் வெளிச்சரிவில், பத்தடிக்கு ஒன்று. ஆனால் இன்று புதைக்கும் கொட்டை கூடு தாங்க ஆண்டுகள் பல ஆகும், அதுவரை பறவை நம்பியிருப்பது நிற்கிற மரத்தை. கொட்டை மூட்டைகள் மேடையின் இடப்பக்கம் இருக்கின்றன. போகும்போது ஆளுக்குப் பத்து எடுத்துச் செல்லுங்கள். நன்றி, வணக்கம்.