நான்கு மில்லிமீற்றர்

வணக்கம் நேயர்களே. நான் வல்வெட்டித்துறையில் பிறந்தவன். எங்கள் ஊர்க் கரையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை ஓர் அமெரிக்கர் விலைக்கு வாங்கினார். 1938ஆம் ஆண்டு அது அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தைப் போய்ச் சேர்ந்தது. இந்தக் கதையைச் சின்ன வயதில் நூறு தடவையாவது கேட்டிருப்பேன். அவர் வாங்கியது பாவித்த கப்பல் என்பது மட்டும் அப்போது என் மண்டையில் ஏறவில்லை. கையில் காசை எண்ணிக் கொடுக்கும் முன் அதன் அடியை யார் பார்த்திருப்பார்கள், எப்படிப் பார்த்திருப்பார்கள் என்ற கேள்வி எனக்கு வந்தது ஐம்பது வயதில், இங்கிலாந்தில், நானே ஒரு பாவித்த படகு வாங்கப் போனபோதுதான்.

2016இலிருந்து நானும் மனைவியும் படகில்தான் குடியிருக்கிறோம். கடலில் அல்ல, கால்வாயில். இந்த நிகழ்ச்சியை நடத்தும் தம்பி, “படகு வாழ்க்கையின் அழகைப் பற்றிப் பேசுங்கள் ஐயா” என்றார். அழகை வேறு யாரும் பேசட்டும். நான் உருக்குத் தகட்டைப் பற்றிப் பேசுகிறேன்.

இங்கிலாந்துக் கால்வாய்களில் நீங்கள் பார்க்கும் நீண்டு ஒடுங்கிய படகுக்கு நாரோபோட் என்று பெயர். அகலம் 6 அடி 10 அங்குலம். ஒரு மனிதர் இரண்டு கையையும் விரித்தால் இரு பக்கச் சுவரையும் தொட்டுவிடலாம். ஏன் இந்தக் கஞ்சத்தனமான அகலம்? 1766இல் ஜேம்ஸ் பிரிண்ட்லி என்ற பொறியியலாளர் ட்ரென்ட் - மேர்சி கால்வாயை வெட்டத் தொடங்கியபோது அதன் பெரும்பாலான லொக்குகளை ஏழடி அகலத்தில் வைத்தார். லொக் என்பது படகை ஒரு நீர்மட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு ஏற்றி இறக்கும் கதவு வைத்த தொட்டி. அன்று அவர் போட்ட அளவுக்குள்தான் இன்றைக்கும் என் கட்டில் அடங்க வேண்டியிருக்கிறது. நீளத்திலும் சூட்சுமம் உண்டு. 70 அடிப் படகுகள் இருக்கின்றன, ஆனால் வடக்கே சில லொக்குகளுக்குள் அவை போகமாட்டா. 57 அடி என்றால் ஏறக்குறைய எல்லாக் கால்வாயிலும் போகலாம். அதனால் விற்கும்போது 57 அடிக்குத் தனி மவுசு.

நாங்கள் முதலில் பார்த்த படகு 1980களில் கட்டியது. உள்ளே ஓக் பலகை, சிவப்பு ஓடு பதித்த சமையல் மூலை, இரும்பு அடுப்பில் விறகு எரிகிறது. விற்பவர் தேநீர் போட்டுத் தந்தார். மனைவி அந்தச் சமையல் மூலையில் நின்றுகொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையின் விலை எனக்குத் தெரியும். அன்றைக்கே தரகரிடம் பத்து வீதம் முற்பணம் கட்டினேன். நல்ல வேளை, “சர்வேக்கு உட்பட்டு”, அதாவது படகைச் சோதித்துப் பார்த்த பிறகே முடிவு, என்ற வரி ஒப்பந்தத்தில் இருந்தது. தரகர் நம்மோடு சிரித்துப் பேசினாலும் அவர் விற்பவரின் ஆள், அவருக்குக் கூலி கொடுப்பது விற்பவர். இதை மறந்துவிடக் கூடாது.

எங்கள் ஊரில் சர்வேயர் என்றால் காணி அளக்கச் சங்கிலியோடு வருபவர். இங்கே வந்தவர் ஒரு சுத்தியலோடு வந்தார். படகைக் கிரேன் பூட்டித் தண்ணீரிலிருந்து தூக்கி மரக்கட்டைகளில் இருத்தியிருந்தார்கள். சமையல் மூலை, ஓக் பலகை எதையும் அவர் அப்போது ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கீழே குனிந்து போய் அடியைத் தட்டிக் காதால் கேட்டார். கறுப்புப் பூச்சை அங்கங்கே சுரண்டினார். கர்ப்பிணிக்கு ஸ்கான் செய்வதுபோலக் கொஞ்சம் பசை தடவி, ஒரு சின்னக் கருவியை வைத்தார். அது ஒலி அலையால் தகட்டின் தடிப்பை மில்லிமீற்றரில் சொல்லும். சொன்ன எண்ணை சோக்குக்கட்டியால் படகின் மேலேயே எழுதிக்கொண்டு போனார். 5.6, 5.4, 5.1. எனக்குப் பரீட்சைப் பெறுபேறு பார்ப்பதுபோல இருந்தது. நீர்மட்டக் கோட்டுக்கு வந்ததும் எண்கள் இறங்கின. 4.3. 3.8. பிறகு தகட்டில் அம்மைத் தழும்பு போலக் குழிகள். ஒலிக்கருவி குழியைப் பிடிக்காது என்று சொல்லி, ஊசி வைத்த வேறொரு மானியால் ஆழம் பார்த்தார். ஓர் இடத்தில் மிச்சம் இருந்தது 2.9 மில்லிமீற்றர்.

நாங்கள் மீன் வாங்கப் போனால் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் வாங்கமாட்டோம். படகுக்கும் ஒரு செவுள் உண்டு, அது தண்ணீருக்குள் இருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்போது அந்த எண்களுக்கு வருகிறேன். இக்காலத்து நாரோபோட்டில் வழக்கமாக அடித்தகடு 10 மில்லிமீற்றர், பக்கத்தகடு 6, மேற்கூடு 4. பழைய படகுகளில் இதைவிட மெலிந்த தகடும் உண்டு. காப்புறுதிக் கம்பனிகளோ தண்ணீரில் நிற்கும் தகடு எங்கும் நான்கு மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது என்று பார்க்கின்றன. இது எந்தச் சட்டத்திலும் எழுதியதல்ல, தொழிலில் ஊறிப்போன வழக்கம். ஆறு மில்லிமீற்றரில் தொடங்கிய தகட்டுக்கும் ஐந்தில் தொடங்கிய தகட்டுக்கும் ஒரே அளவுகோலா என்று கேட்டால் நியாயமான கேள்விதான். ஆனால் முழுக் காப்புறுதி தருவதா, மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் தருவதா என்று தீர்மானிப்பவர் அந்த அளவுகோலைத்தான் கையில் வைத்திருக்கிறார்.

அந்தப் படகு ஏன் அப்படி அரித்தது என்று சர்வேயரிடம் கேட்டேன். “பத்து வருடமாக மரீனாவில், படகுகளைக் கட்டி வைக்கும் துறையில், மின்சாரக் கம்பியில் மாட்டியபடி நின்றது” என்றார். எனக்கு விளங்கவில்லை. விளக்கினார். கரையிலிருந்து மின்சாரம் எடுக்கும்போது உங்கள் படகின் நிலக்கம்பியும், அதாவது எர்த் வயரும், பக்கத்துப் படகின் நிலக்கம்பியும் ஒன்றாகிவிடுகின்றன. நடுவில் தண்ணீர். வெவ்வேறு உலோகங்கள், இணைக்க ஒரு கம்பி, மூழ்க ஒரு திரவம். ஒன்பதாம் வகுப்பில் படித்த மின்கலம் அப்படியே. அந்த மின்கலத்தில் கரைவது உங்கள் படகாகவும் இருக்கலாம். இதைத் தடுக்க நிலக்கம்பியில் ஒரு சிறிய தடுப்புக் கருவி பூட்டுவார்கள். அடியில் மக்னீசியக் கட்டிகளையும் பற்றவைத்து விடுவார்கள், உருக்குக்குப் பதிலாக அவை கரையட்டும் என்று. நன்னீருக்கு மக்னீசியம், உப்புநீருக்குத் துத்தநாகம். அந்தப் படகில் தடுப்புக் கருவி கிடையாது. மக்னீசியக் கட்டி இருந்த இடத்தில் இரண்டு துருப்பிடித்த காதுகள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன.

விற்பவர் விடவில்லை. “மேலே புதுத் தகடு வைத்துப் பற்றவைத்துத் தருகிறேன்” என்றார். அப்படிச் செய்வதுண்டு, நன்றாகச் செய்தால் படகு இன்னும் பல வருடம் ஓடும். ஆனால் தகடு கூடினால் பாரம் கூடும், படகு தாழும், பக்கத்தில் உள்ள வடிகால் ஓட்டைகள் தண்ணீரை நெருங்கும். நான் விலகினேன். முற்பணம் திரும்பியது. கிரேன் கூலியும் சர்வேக் கூலியுமாக ஆயிரம் பவுண்டுக்குக் கிட்டக் கைநட்டம். மனைவி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நான் வாழ்க்கையில் செய்த மிகச் சிறந்த செலவு அது.

பிறகு வாங்கிய படகு, இப்போது இருப்பது, 57 அடி. திரைச்சீலை அசிங்கம், கம்பளம் அதைவிட அசிங்கம், ஒரு நாய் நெடுங்காலம் அதில் குடியிருந்த வாசனை. பக்கத்தகட்டில் ஆகக் குறைந்த எண் 5.2. வாங்கினேன்.

காணி வாங்கினால் உறுதி பார்க்கிறோம், தோம்பு பார்க்கிறோம், பதிவகத்துக்கு ஆள் அனுப்புகிறோம். படகுக்கு அப்படி ஒன்றும் இல்லை. கால்வாய்ப் படகுகளில் பெரும்பாலானவை எந்த உரிமைப் பதிவேட்டிலும் இல்லை. கைமாறிய ஒவ்வொரு தடவையும் எழுதிய விற்பனைச் சீட்டுகளைக் கோர்த்துப் பார்த்து, இவர்தான் சொந்தக்காரர், கடன் பாக்கி இல்லை என்று நாமே தெளிய வேண்டும். அந்தச் சீட்டில் ஒரு வேடிக்கை. ஆங்கிலேயச் சட்டத்தில் பதிந்த கப்பல் 64 பங்குகள் கொண்டது. என் சீட்டிலும் “64 பங்குகள்” என்றே அச்சிட்டிருந்தது. கால்வாயில் காலாற நடக்கும் வேகத்தில் போகும் என் தகரக் குழாயும் கப்பல் வம்சம்தான்.

தனியாரிடம் வாங்கினால், பிறகு பழுது கண்டு போய் முறையிட அதிக இடமில்லை. “பாதுகாப்புச் சான்றிதழ் இருக்கிறதே” என்று பலர் நிம்மதி அடைகிறார்கள். நான்கு வருடத்துக்கு ஒருமுறை எடுக்கும் அந்தச் சான்றிதழ் காஸ் குழாய், மின்கம்பி, எரிபொருள், தீ, 2019இலிருந்து காபன் மோனொக்சைட்டு அலாரம் இவற்றைப் பார்க்கிறது. படகின் அடியை அது பார்ப்பதே இல்லை. சான்றிதழ் உள்ள படகு ஓட்டையாகவும் இருக்கலாம்.

1995ஆம் ஆண்டின் சட்டப்படி கால்வாயில் படகு வைத்திருக்க உரிமம் வேண்டுமானால் மூன்று காட்ட வேண்டும். அந்தச் சான்றிதழ், காப்புறுதி, பிறகு நிரந்தரமாகக் கட்டும் இடம். இடம் இல்லையென்றால் ஓரிடத்தில் 14 நாளுக்கு மேல் நில்லாமல் உண்மையாகவே பயணம் செய்துகொண்டிருக்க வேண்டும். நாங்கள் இரண்டாவது வகை. கால்வாய்களைப் பார்த்துக்கொள்ளும் கனால் அண்ட் ரிவர் ட்ரஸ்ட் படகின் இலக்கத்தைக் குறித்துக்கொண்டு போக ஆள் அனுப்பும்.

காப்புறுதிப் படிவத்தில் முதல் கேள்வியே எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு சோதனை: “படகில் நிரந்தரமாகக் குடியிருக்கிறீர்களா?” இல்லை என்று எழுதினால் பணம் குறையுமோ என்று மனம் கணக்குப் போடும். எழுதாதீர்கள். 2012ஆம் ஆண்டின் நுகர்வோர் காப்புறுதிச் சட்டம் கவனக்குறைவான தவறுக்கு ஓரளவு இரங்கும், தெரிந்தே சொன்ன பொய்க்கு இரங்காது. கம்பனி ஒப்பந்தத்தையே இல்லாமல் செய்துவிடலாம். சர்வே அறிக்கையையும் மிச்சப் பணம் கட்டிய பிறகு அனுப்பாதீர்கள், கட்டும் முன் அனுப்புங்கள். படகுக்கு வயது ஏற ஏறப் புதிய சர்வே கேட்பார்கள், எந்த வயதில் என்பது கம்பனிக்குக் கம்பனி வேறு. இன்னொன்று, படகின் பெறுமதியை முன்கூட்டியே இணங்கி எழுதிய பத்திரமா, நட்டம் நேர்ந்த நாளின் சந்தை விலையா என்று கேளுங்கள். மூழ்கிய படகைத் தூக்கும் செலவு உள்ளே இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். படகு போனாலும் அதைத் தண்ணீருக்குள் விட்டுவிட்டுப் போக முடியாது.

எங்களுக்கு முன்னால் போன ஒரு படகு மூழ்கியதைப் பார்த்திருக்கிறேன். லொக்கில் கீழே இறங்கும்போது மேல்கதவின் அடியில் ஒரு கல் திண்ணை தண்ணீருக்குள் மறைந்திருக்கும். கரையில் வெள்ளைக் கோடு போட்டிருப்பார்கள். கோட்டுக்கு முன்னால் நிற்காமல் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார் அந்த மனிதர். தண்ணீர் வடிய வடியப் பின்பக்கம் திண்ணையில் ஏறி உட்கார்ந்துகொண்டது, முன்பக்கம் கீழே போனது, முன்கதவால் தண்ணீர் உள்ளே பாய்ந்தது. சில நிமிடம்தான். பூந்தொட்டிகள் மிதந்தன. அவருக்கு முழுக் காப்புறுதி இருந்தது, பணம் கிடைத்தது.

எனக்குக் கிடைக்கவில்லை. 2018 பெப்ரவரி கடைசியில் கிழக்கிலிருந்து வந்த அந்தக் கடுங்குளிர் உங்களுக்கு நினைவிருக்கும். நாங்கள் அப்போது வல்வெட்டித்துறையில் அக்கா மகளின் கல்யாணத்தில் இருந்தோம். படகில் அடுப்பு இல்லை, ஆள் இல்லை, குழாயில் தண்ணீர் இருந்தது. உறைந்து வெடித்திருக்கிறது. பனி இளகியதும், நான் அணைக்காமல் போன பம்பு தாங்கியில் இருந்த அத்தனை தண்ணீரையும் படகுக்குள்ளேயே இறைத்துத் தள்ளியிருக்கிறது. திரும்பி வந்தபோது தரைப்பலகை பலாப்பழத் தோல்போல மேடும் பள்ளமுமாக இருந்தது. காப்புறுதிக் கம்பனி ஒரே ஒரு கேள்விதான் கேட்டது: தண்ணீரை வடித்துவிட்டுப் போனீர்களா? குளிர்காலத்தில் ஆள் இல்லாவிட்டால் வடிக்க வேண்டும் என்று என் பத்திரத்தில் கொட்டை எழுத்தில் இருந்தது. குழாய் வெடித்த நேரம் நான் அங்கே கல்யாண வீட்டில் பாயாசம் குடித்துக்கொண்டிருந்தேன்.

அன்றுதான் பத்திரத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தேன். அது திடீரென்று வருவதற்கு எழுதிய பத்திரம்: மோதல், தீ, களவு, லொக்கில் கவிழ்தல். துரு திடீரென்று வருவதில்லை. தேய்மானத்துக்குக் கம்பனி பொறுப்பல்ல என்று 1906ஆம் ஆண்டின் கடற் காப்புறுதிச் சட்டமே சொல்லிவிட்டது. ஆகவே மெதுவாக வருவதையெல்லாம் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். மூன்று வருடத்துக்கு ஒருமுறை படகைத் தூக்கி, சுரண்டி, கறுப்புப் பூசுகிறேன். போன தடவை அதே சர்வேயரையே கூப்பிட்டேன். 5.2 இருந்த இடத்தில் சோக்குக்கட்டியால் 5.0 என்று எழுதினார். தம்பி, கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கையைக் காட்டுகிறீர்கள், நேரம் முடிகிறது போலிருக்கிறது. எனக்கும்தான். இப்போது நிற்கும் இடத்தில் இன்றோடு 14 நாள் ஆகிறது. இருட்டுவதற்குள் போய் எஞ்சினைக் கிளப்ப வேண்டும். வணக்கம்.