நாற்பது மான்களும் பத்து மான்களும்

[திரையில்: மேலிருந்து தெரியும் இரண்டு காடுகள்]

ஒரு காட்டில் சதுர கிலோமீட்டருக்கு 40 மான்கள் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த காட்டில் 10. மானுக்கு ஏற்ற காடு எது?

யோசிக்காமல் 40 என்றுதான் சொல்வோம். கூட்டம் இருந்தால் இடம் நல்லது என்ற இந்தக் கணக்கு ஆய்வறிக்கைகளிலும் வெகுகாலம் செல்லுபடியானது. 1983-இல் அமெரிக்க ஆய்வாளர் பீட்ரிஸ் வான் ஹோர்ன் இதை மறுத்து ஒரு கட்டுரை எழுதினார். அடர்த்தியை மட்டும் பார்த்து வாழிடத்தின் தரத்தை எடைபோட்டால் ஏமாந்துபோவோம் என்பது அவர் வாதம்.

[திரையில்: 0 முதல் 1 வரை ஓர் அளவுகோல்]

உணவு, நீர், மறைவிடம், ஈன்று வளர்க்க இடம். இவற்றைப் பார்த்து ஒரு வாழிடத்துக்கு 0 முதல் 1 வரை பொருத்த மதிப்பெண் தருகிறார்கள். குடம் எவ்வளவு கொள்ளும் என்பதைத்தான் அது சொல்லும். உள்ளே எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதைச் சொல்லாது. வேட்டை நடந்த காடு 0.9 வாங்கியும் வெறுமையாகக் கிடக்கலாம்.

குறைந்த மதிப்பெண் வாங்கிய இடத்தில் கூட்டம் சேர்வதுதான் இன்னும் விசித்திரம்.

[திரையில்: ஓக் மரக்காடு, அதை ஒட்டிய வேலிப்புதர்]

இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபர்டுக்கு அருகே வைதம் காடு. பட்டாணிக்குருவிகள் ஜோடி ஜோடியாக அங்கே எல்லை வகுத்துக்கொள்கின்றன. ஜான் கிரெப்ஸ் 1971-இல் வெளியிட்ட ஆய்வில், காட்டிலிருந்து ஆறு ஜோடிகள் அகற்றப்பட்டன. மூன்றே நாட்களில் நான்கு புதிய ஜோடிகள் அந்த இடத்தில் குடியேறிவிட்டன. வந்தவற்றில் பல, குஞ்சு பொரித்து வளர்ப்பது கடினமான வேலிப்புதர்களில் அதுவரை இருந்தவை. புதரை அவை விரும்பித் தேர்ந்தெடுக்கவில்லை. காட்டில் இடம் கிடைக்கும்வரை ஒண்டியிருந்தன, அவ்வளவுதான்.

இப்படி வலியவை நல்ல இடத்தை வளைத்துக்கொள்ள, இளையவை ஓரத்துக்குத் தள்ளப்படுகின்றன. இனப்பெருக்கம் அமோகமாக நடந்த ஆண்டில் அந்த ஓரம் நிரம்பி வழியும். கணக்கெடுக்கப் போகிறவர் அதைப் பார்த்து "அருமையான வாழிடம்" என்று எழுதிவிட்டு வருவார். அவரைக் குறை சொல்ல முடியாது. கண்ணில் பட்டது அதுதான்.

பிறப்பைவிட இறப்பு மிகுந்து, வெளியிலிருந்து வருபவற்றால் மட்டுமே உயிரோட்டம் குறையாத இத்தகைய இடத்தை, 1988-இல் ரொனால்ட் புல்லியம் வடிகாலுக்கு ஒப்பிட்டார்; அதற்கு விலங்குகளை அனுப்பும் நல்ல வாழிடம் ஊற்று. ஊற்றை அழித்தால் வடிகாலும் மெல்லக் காலியாகும். அந்த 40 மான்கள் எந்த வகை? தலைகளை எண்ணுவதோடு நிறுத்தாமல், எத்தனை பெட்டைகளின் பின்னால் குட்டி வருகிறது, அவற்றில் எத்தனை அடுத்த ஆண்டைப் பார்க்கின்றன என்றும் எண்ண வேண்டும். வருடக்கணக்கில் நடந்து செய்ய வேண்டிய வேலை. அதனால்தான் பலரும் தலைகளோடு நிறுத்திக்கொள்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

[திரையில்: அந்திநேரம், ஓடையை ஒட்டிய தார்ச்சாலை]

இதுவரை பார்த்தவை இடமில்லாமல் ஒதுங்கியவை. தாமே விரும்பிப் போய் மாட்டிக்கொள்பவையும் உண்டு. மே ஈக்கள் நீரில் முட்டையிடுபவை. நீர்ப்பரப்பு ஒளியைத் திருப்பும் விதத்தை வைத்து நீரை அடையாளம் காண்கின்றன. காய்ந்த தார்ச்சாலையும் ஒளியை அதே விதத்தில், சில நேரம் நீரைவிட வலுவாகவே திருப்புகிறது. ஹங்கேரி ஆய்வாளர்கள் 1998-இல் இதை விளக்கினார்கள். பக்கத்திலேயே ஓடை ஓடிக்கொண்டிருக்கும். பூச்சிகளோ சாலைக்கு மேல் திரளாகப் பறந்து, இணைசேர்ந்து, தாரின் மீது முட்டைகளை இட்டுவிட்டுச் சாகின்றன. முட்டைகள் அங்கேயே காய்ந்துபோகின்றன.