கூச்ச சுபாவம் உள்ள பிள்ளை ராணுவ அதிகாரி ஆகலாமா?

வணக்கம் மக்களே. மலேசியா, சுங்கை சிப்புட்டில் இப்போதுதான் மழை விட்டது. எனக்குப் பின்னால் தெரிகிற ரப்பர் மர நிரையில்தான் எங்கள் தாத்தா பால் மரம் வெட்டினார், அதாவது பட்டையைச் சீவிப் பால் எடுத்தார்.

என் தம்பி ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம். முடித்துவிட்டான். சுங்கை பீசியில் இருக்கிற தேசியத் தற்காப்புப் பல்கலைக்கழகத்தில் பயிற்சி பெறும் அதிகாரியாகச் சேர ஆசை. நேற்று ராத்திரி ஏதோ ஓர் ஆளுமைக் கேள்வித்தாளை வைத்துப் பயிற்சி செய்துகொண்டிருந்தான். எட்டிப் பார்த்தேன். கூட்டத்தில் முதலில் பேசுவீர்களா? ஆமாம். பதற்றமே வராதா? ஆமாம். வீட்டுக்கு ஆள் வந்தால் குசினிக்குள் போய்விடுகிற பிள்ளை! கேட்டால், "ராணுவத்துக்கு இப்படித்தானே அக்கா வேணும்" என்கிறான்.

இல்லை தம்பி. இந்தப் பயிற்சியே தப்பு.

முதல் உலகப் போர் சமயத்தில், அமெரிக்கப் படைக்காக உட்வொர்த் என்கிற உளவியலாளர் 116 கேள்விகள் கொண்ட ஒரு தாள் தயாரித்தார். எல்லாமே ஆமாம், இல்லை என்று பதில் சொல்கிற கேள்விகள். போரில் மனம் உடையக்கூடியவர்களை முன்கூட்டியே கண்டுபிடிப்பதுதான் நோக்கம். அதிலும் பொய் சொல்வது சுலபம். அதனால்தான் பின்னால் வந்த பல தாள்களில், "நான் ஒருநாளும் கோபப்பட்டதில்லை" என்பது மாதிரியான வரிகளை ஊடே வைத்தார்கள். அதற்கெல்லாம் ஆமாம் போட்டால் பதில்கள் மேலேயே சந்தேகம் வந்துவிடும்.

அப்புறம் 2004. அமெரிக்காவின் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்தவர்களிடம் உளவியலாளர் ஏஞ்சலா டக்வொர்த்தின் குழு 12 கேள்விகள் கேட்டது. தொடங்கியதை முடிப்பாயா, சறுக்கினால் சோர்ந்துவிடுவாயா, இந்த மாதிரி. முதல் கோடைப் பயிற்சியை யார் தாக்குப்பிடிப்பார்கள் என்பதை, படிப்பையும் உடல்திறனையும் சேர்த்துக் கல்லூரி போட்ட மதிப்பெண்ணைவிட அந்தச் சின்னத் தாள் நன்றாகக் காட்டியது. யார் சத்தமாகப் பேசுகிறார்கள் என்று அது கேட்கவே இல்லை.

இங்கே பாருங்கள், கேமராவைக் கிட்டே கொண்டு போகிறேன். பட்டையில் இந்த முடிச்சு தெரிகிறதா? அவசரக் கை போட்ட காயம். கத்தி ஆழமாக இறங்கிவிட்டால் பட்டை இப்படித்தான் மேடு தட்டி வளரும். தாத்தா வெட்டின மரத்தில் இது இருக்காது என்று பாட்டி சொல்வார். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் பேர் கூப்பிடுகிற இடத்துக்கு, வந்து நிற்பார், யாரிடமும் ஒரு வார்த்தை பேசமாட்டார். நெற்றி விளக்கு வெளிச்சத்தில் மரம் மரமாக அதே அளவு சீவல். தம்பிக்கு அதே சுபாவம்.

காலையில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி உட்கார்ந்தான். பதற்றக் கேள்வியில் பென்சில் ரொம்ப நேரம் நின்றது. "சில சமயம் வரும் அக்கா, அதுக்கு என்ன போட?" என்று கேட்டான். வருவதைப் போடு என்றேன்.